முன்னால் போனவரின் இரண்டு

சம்மாந்துறை, மஹ்றூப் ஹாஜியாரின் அரிசி மில்.
உமித்தூசு படிந்த மேசையில்
பதினாறு விசை, இரண்டு வரித் திரை,
உள்ளங்கையில் அடங்கும் ஒரு பச்சைப் பலகை.
தராசு சொல்வதை அஸ்மின் அழுத்துவார்,
திரை காட்டும். அவ்வளவுதானே என்று
நாலு நாளில் முடிப்பதாய் ஒப்புக்கொண்டேன்.
இன்று பதினொன்று.

விசைகளுக்கு அடியில் நாலு கிடைக் கம்பி, நாலு நெடுக்குக் கம்பி.
வட்டவிதானை ஒவ்வொரு வாய்க்காலாய்த் திறந்து
எந்த வரவைக்குத் தண்ணி ஏறுதென்று பார்ப்பதுபோல்
ஒரு கிடையில் மின்சாரம் விட்டு
நாலு நெடுக்கிலும் போய்ப் பார்க்கவேண்டும்.
பிறகு அடுத்த கிடை.
கண் இமைக்கும் முன்னம் முழு வட்டையையும்
பலமுறை சுற்றிவிடும் அந்தச் சில்லு.
விதானையின் மோட்டார்சைக்கிள் பாவம்.

முதல்நாள் நாலு, ஒன்று, இரண்டு அழுத்தினோம்.
திரையில் இரண்டு மட்டும் நின்றது.
கடைசியாய்க் கேட்டதைத்தான் பிடித்துவைத்திருந்தது.
நாலுக்குப் பின் ஒன்று வந்தால்
இருந்த நாலைப் பத்தால் பெருக்கி
இடப்பக்கம் ஒதுங்கச் சொல்லி
ஒன்றை வாசலில் இருத்தவேண்டும். நாற்பத்தொன்று.
இரண்டு வந்தால் மறுபடி எல்லாரும்
ஒரு கதிரை தள்ளி.
கல்முனை பஸ்ஸில் ஏறுகிறவர்கள்
"உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க" என்று
நெரிபடுவதுபோல்தான்;
இங்கே மட்டும் உள்ளே போகப் போகப்
பெறுமதி கூடும்.

எனக்குப் பிடித்தது வேறொன்று.
ஆறை அழுத்தியதும்
அது ஆறா, அறுபதா, அறுநூறா என்று
சில்லுக்குத் தெரியாது.
தெரியாததற்காகப் பதறவும் மாட்டாது.
கடைசி வரிசையில் வேலி மாதிரி ஒரு குறி,
அதை அழுத்தும்வரை முடிவு சொல்லாமல் இருக்கும்.
எங்கள் வீட்டில் அப்படி ஒருவரும் இல்லை.
"எனக்கு" என்று நான் தொடங்கினாலே
"வேணாமாம்" என்று முடித்துவிடுவார்கள்.

ஐந்தாம்நாள் ஒருமுறை தொட்ட எட்டு
மூன்று எட்டாய் விழுந்தது.
தகடு துள்ளும்; துள்ளி அடங்கக்
கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக்கொடுத்தேன்.

இன்று காலை ஒரு லொறிக்காரர்
நானூற்றுப் பன்னிரண்டு கிலோ இறக்கிவிட்டுப் போனார்.
அடுத்து வீரமுனைப் பத்தினிப்பிள்ளை,
வாடகை ஆட்டோவில் ஒற்றை மூட்டை.
தராசில் அறுபத்தெட்டு.
அஸ்மின் ஆறை அழுத்தினார்: 612.
எட்டை அழுத்தினார்: 682.
திரையைப் பார்த்தே சீட்டு எழுதத் தொடங்கிவிட்டார்.
"நில்லுங்க தம்பி" என்றா அவ.
"என்ட மூட்டைக்கு ஏது வால்?"

சில்லுக்குள் பார்த்தேன். அங்கே அறுபத்தெட்டுத்தான்.
கணக்குப் பிழைக்கவில்லை.
திரைதான், எழுதிய இடத்தை மட்டும் மாற்றிவிட்டு
எழுதாத இடத்தில் யார் இருந்தாரோ
அவரையே வைத்துக்கொண்டிருந்தது.
லொறிக்காரரின் இரண்டு
இன்னும் இறங்கவில்லை.

எண்ணுக்குப் பின்னால் நாலு வெற்றிடம் எழுதினேன்.
ஒன்றுமில்லை என்பதையும்
அதற்கு எழுதித்தான் காட்டவேண்டும்.

68.

ஹாஜியார் என் பில்லை மேலும் கீழும் பார்த்தார்.
"கடைசியா என்னகா புள்ள செய்த நீ?"
"நாலு வெற்றிடம் போட்ட நான்."
"வெறும் இடத்துக்குமா காசு?"

பத்தினிப்பிள்ளை சீட்டை மடித்துக்கொண்டே,
"இல்லாட்டி இல்லாத நெல்லு
அறுநூத்திப் பதினாலு கிலோக்கு
நீங்கல்லோ காசு தந்திருப்பீங்க" என்றா.

ஹாஜியார் கல்குலேட்டரைத் தேடினார்.
அஸ்மின் போனைத் தேடினார்.
அவ அதற்குள் ஆட்டோவில் ஏறிவிட்டா.

விசைப்பலகையின் வலது ஓரத்தில்
ஏ, பி, சி, டி நாலும் சும்மா கிடக்கின்றன.
ஒன்றையாவது கழித்தலுக்கு ஒதுக்கவேண்டும்.
அதை நான் இன்னும் எழுதவில்லை.