கழித்தது போக

கோச்சா கொண்டுவந்து வைத்த பெட்டிக்குப்
பன்னிரண்டு வயது. வட்டு எட்டு ஜிபி.
ஹேசல் கொட்டை வரத்து திங்கட்கிழமை.
ஜுக்டிடியில் மின்சாரம் போய்ப் போய் வரும்;
வந்த நிமிடமே தராசு பேசவேண்டும்,
இல்லையென்றால் கிடங்கு வாசலில் லாரிகள்
ஒன்றையொன்று திட்டத் தொடங்கிவிடும்.

நிறுவியதுமே ஏழு ஜிபியைத் தின்றுவிட்டு
இன்னும் கேட்டது.

சீட்டாட்டம் போனது. வானிலை போனது.
பதினேழு சுவர்ப்படங்கள், எல்லாம் யாரோ பார்த்த மலை;
ஜன்னலைத் திறந்தால் எனக்கே ஒன்று இருக்கிறது.
அச்சுப்பொறி வந்துவிட்டதா என்று
பத்து நொடிக்கொருமுறை எட்டிப்பார்க்கும் சேவை:
வராது அப்பனே, போய்த் தூங்கு.

சின்ன லைப்ரரி ஒன்றைத்தான் தொட்டேன்.
நாற்பது பொதிகள் கூடவே எழுந்தன,
கல்யாண வீட்டில் அத்தை ஒருத்தி கோபித்துக்கொண்டால்
வேனே கிளம்புவதுபோல.
உட்காருங்கள், உட்காருங்கள் என்று
‘வேண்டாம்’ அழுத்தினேன்.

தராசு மட்டும் ஊமை.
மூன்று மணி நேரம். இரண்டு கேபிள்.
கோச்சாவின் மாமாவரை வந்து தலையாட்டிவிட்டுப் போனார்.
பிறகு பார்த்தால்,
விரலால் படிப்பவர்களின் பலகைக்காகக் காத்திருந்த ஒரு சேவை
தராசின் கேபிளை அதுவென்று எண்ணி
இறுகப் பிடித்திருந்தது.
நீக்கக் கை வரவில்லை.
நீக்கினேன்.
சைபர் புள்ளி மூன்று என்றது தராசு.
மேலே என் தேநீர்க் கோப்பை.

கடைசியாக மொழிகள், நூற்றுச் சொச்சம்.
ஜார்ஜியன் இருக்கட்டும்.
ரஷ்யன், கணக்காளருக்காக.
மற்றவற்றைக் குறித்துக்கொண்டே வந்தேன்.
ஓரிடத்தில், எங்கள் எழுத்துபோலவே உருண்டையாக ஒரு பெயர்;
மூன்றே எழுத்து, கடைசி எழுத்தின்
தலையில் மட்டும் ஒரு புள்ளி.
எந்த ஊரோ. அதையும் குறித்தேன்.
ஐந்து எம்பி.

மெக்ரேலியன் வந்தால் விட்டுவிடலாம் என்று
விரலை மெல்ல நகர்த்தினேன்.
மலகாசி, மராத்தி, மால்டீஸ், மாசிடோனியன்.
மங்கோலியன்.
இல்லை.

வீட்டில் கோழி விரட்டுவது, கடன் கேட்பது,
என் கணவர் தூக்கத்தில் உளறுவது எல்லாம் அதில்தான்.
அதற்கென்று ஒரு எம்பி யாரும் வைக்கவில்லை.
அழிக்கட்டுமா என்று
என்னைக் கேட்கவும் இல்லை.

திங்கள் காலை இரண்டு முறை மின்சாரம் போனது.
பதினெட்டு நொடி.
ஜோண்டோ முதல் மூட்டையை ஏற்றினார்.
நாற்பத்தொன்று புள்ளி ஆறு.
சாக்குக்கு அரைக் கிலோ கழிக்க விசையைத் தேடுவதற்குள்
அவர் மெக்ரேலியனில் ஏதோ சொல்ல
வரிசை முழுக்கச் சிரித்தது, நானும்.

வட்டில் ஆறு ஜிபி காலி.