இணைப்பு வழங்கப்பட்டுவிட்டது

கம்பம் நாற்பத்தேழு வரைக்கும் வந்துவிட்டது கேபிள்.
என் வாசலில் நிற்பது நாற்பத்தொன்பது.
நடுவில் ஒரு பள்ளம், இரண்டு கற்பூர மரம்,
வனத்துறையுடையதா வருவாய்த்துறையுடையதா என்று
இன்னும் தீராத அரை ஏக்கர் முட்புதர்.

"எல்லநள்ளின்னா ஊட்டியா குன்னூரா மேடம்?"
கேட்கிறது சென்னையிலிருந்து ஒரு குரல்.
இரண்டுக்கும் நடுவில், என்கிறேன்.
நடுவில் என்றொரு கட்டம் அவர்கள் திரையில் இல்லை.
பக்கத்தில் ஏதாவது அடையாளம்?
கேத்திப் பள்ளத்தாக்கு முழுசும் தெரியும்,
மேகம் இல்லாவிட்டால்.

நான் கணக்கு எழுதுகிறவள்.
பாலாடாவில் கேரட் கழுவும் மிஷின்காரர் மூன்று பேர்,
மேட்டுப்பாளையம் மண்டியில் ஒருவர், ஒரு வர்க்கிக் கடை.
மாதாமாதம் இருபதாம் தேதிக்குள்
இவர்கள் எல்லோருடைய ஜிஎஸ்டியும் போய்ச் சேரவேண்டும்.
மடிக்கணினிக்கு நெட் கிடைப்பது குளியலறை ஜன்னலில்.
ஓடிபி வருவது தண்ணீர்த் தொட்டி மேட்டில்.
இடையே நாற்பத்தொரு படி.
ஓடிபிக்கு ஆயுள் பத்து நிமிஷம்.
என் முழங்காலுக்கு எவ்வளவு என்று யாரும் போடவில்லை.

பத்து வீடு கையெழுத்துப் போட்டால் இழுத்துத் தருவோம் என்றார்கள்.
பத்து வீடு இருக்கிறது,
ஆறில் பூட்டுதான் குடித்தனம்.
மே மாதத்துக்கு மட்டும் வரும் கோயம்புத்தூர்க்காரர்
"நெட் இல்லாததுதாங்க இங்க சுகமே" என்றார்,
கைப்பேசியை வானத்துக்குத் தூக்கிப் பிடித்தபடி.

லைன்மேன் ஹாலன் நல்ல மனுஷன்.
ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று முறை வந்தார்.
முதல் முறை ஐப்பசி மழை.
இரண்டாம் முறை காட்டெருமை,
கம்பத்தில் முதுகு தேய்த்துக்கொண்டு.
அது முடிக்கிற வரைக்கும் டீ குடித்தோம், ஆளுக்கு இரண்டு டம்ளர்.
மூன்றாம் முறை ஒயர் போதவில்லை, அறுபது மீட்டர்.
மேலே கேட்டுச் சொல்றேன் என்று
மிச்சத்தை முறுக்குப்போலச் சுற்றி
நாற்பத்தேழில் மாட்டிவிட்டுப் போனார்.

நேற்றுத் தபால்காரர் மூச்சிரைக்க ஏறி வந்தார்.
பில்.
இணைப்பு வழங்கப்பட்ட நாள்: ஜனவரி இருபத்தாறு.
பயன்படுத்தியது: பதினோரு ஜிபி.
ஐந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய், வரி தனி.

ஹாலனைக் கூப்பிட்டேன்.
"மார்ச்சுக்குள்ள டார்கெட் மேடம்.
ஆபீஸ்ல முடிச்சதா ஏத்திட்டாங்க."
குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

ஆக, அவர்கள் கணினிக்குள் ஒரு வீடு இருக்கிறது.
என் கதவு எண், என் பேர், ஜெ. புஷ்பராணி.
அங்கே பச்சை விளக்கு அணைவதே இல்லை.
அந்தப் புஷ்பராணி இருபதாம் தேதி ராத்திரி
எட்டரைக்கெல்லாம் படிவத்தை அனுப்பிவிட்டு
ரசத்தைச் சூடு பண்ணப் போகிறாள்.
ஹட்டனில் இருக்கிற தங்கச்சி
அவளிடம் பாதி வாயில் உறையாமல்
சிரித்து முடிக்கிறாள்.
பதினோரு ஜிபியில் வேறென்ன பார்த்தாய் என்று
கேட்கத்தான் ஆசை.

புகார் கொடுக்கலாம். அதையும் இணையத்தில்தான் கொடுக்கவேண்டும்.
கொடுத்தால் கையெழுத்துப் போட்ட ஹாலனைத்தான் பிடிப்பார்கள்.
பில்லைக் கட்டிவிடலாம்.
கட்டினால் அவள் இருக்கிறாள் என்று ஒப்புக்கொண்டதாகும்.

இன்றைக்கு இருபது.
நாலரைக்கு எழுந்து ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் மாட்டி
தொட்டி மேட்டுக்கு வந்தால்
நர்சிங் படிக்கிற பெண் ஏற்கெனவே நிற்கிறாள்,
பரீட்சை ஹால் டிக்கெட்டுக்காக.
கொஞ்சம் நகர்ந்து ஒன்றரைக் கோடு எனக்கு விட்டாள்.
நாற்பத்தேழு தெரியவில்லை, மூடுபனி.
கீழே பாலாடாவில் மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது.

"வந்துச்சாக்கா?"
வந்தது.
சார்ஜ் இரண்டு சதவீதம்.
படியெல்லாம் ஈரம்,
கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி இறங்குகிறேன்,
வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே:
ஏழு, பூஜ்யம், மூன்று, மூன்று,
எட்டு,