அறைக் கணக்கு

டன்லப் தெருவில் வெங்காயக் கடைக்கு மேலே
என் அறை.
ஏழு நிறுவனங்களின் கணக்கு, ஒரே மின்விசிறி.
மார்ச் முடிகிறது.
பக்கத்துக்குப் பக்கம் அடியில் சுருக்கொப்பம் இடுகிறேன்.
தெ. அ.
தெ. அ.

தொடக்கக் கல்லூரியில் எனக்கு ஒட்டிய ஒரே வரலாறு
அந்த இங்கிலாந்து மன்னன், ஏழாம் ஹென்றி.
கருவூலத்து எழுத்தர்கள் ஆடி அசைந்து எண்ணுவது பொறுக்காமல்
பணத்தைத் தன் அந்தரங்க அறைக்கே வரவழைத்துக்கொண்டவன்.
கப்பலேறும் கம்பளிக்குச் சுங்கம்,
வாரிசு சிறுவனென்றால் அவன் நிலத்து வருமானம்,
மகள் கல்யாணத்துக்கு நாட்டாரிடம் மொய்,
பிரான்சின் மேல் படையெடுக்க ஒரு வரி,
எடுத்த படையைத் திருப்பிக்கொள்ள
பிரான்சிடமே ஒரு தொகை!
ஏட்டின் அடியில் அவன் கைப்பட ஒரு கிறுக்கல்.
'கஞ்சனா, கெட்டிக்காரனா? ஆராய்க.'
மூன்று பக்கம் ஆராய்ந்தேன். பி கொடுத்தார்கள்.

நேற்று உதுமான் வந்தார்.
சாயம் பூசும் நிறுவனம்,
நகக்கண்ணில் எந்நேரமும் யார் வீட்டு வெள்ளையோ.
"வாடகையை ஏத்திட்டான்மா.
கடையில ஆள் நின்னா,
யாவாரம் ஓடுதுல்ல, கொடுங்கிறான்.
ஆளே இல்லேன்னா,
செலவில்லாம சேத்திருப்பே, கொடுங்கிறான்."
சிரித்துவிட்டேன். அவருக்குச் சுருக்கென்றது.
பட்டுடுத்தியவனுக்கு ஒரு நியாயம்,
பழையது தின்றவனுக்கு ஒரு நியாயம்,
இரண்டுக்கும் முடிவில் ஒரே தண்டல் என்று
ஹென்றியின் ஆட்களைப் பற்றியும் ஒரு கதை உண்டு.
அதைச் சொல்லவில்லை.
கோப்பி வாங்கிக் கொடுத்தேன், சீனி குறைவாய்.

பரீட்சையில் நான் எழுத மறந்தது பிணைமுறி.
ஒழுங்காய் இருப்பேன், தவறினால் இத்தனை ஆயிரம் என்று
பிரபுக்கள் எழுதிக் கொடுத்தார்கள்.
பணம் கைக்கு வருவதைவிட
அது வராமல் அவர்கள் தலைமேல் நிற்பதுதான்
மன்னனுக்குத் தோதாய் இருந்ததோ என்னவோ.

உதுமான் ஏட்டில் பதினான்காவது வரி:
வேலை அனுமதிப் பிணை, ஐயாயிரம் வெள்ளி,
அடைக்கலம், த/பெ சவரிமுத்து.
ஆளைப் பார்த்திருக்கிறேன்,
லாரியின் பின்னால், ஏணியைப் பிடித்தபடி.
அந்த வெள்ளியை அவன் கொடுத்ததுமில்லை, வாங்கியதுமில்லை.
ஒழுங்காய் இருந்து ஊர் திரும்பினால்
யாருக்கும் எதுவும் இல்லை.
வரவில்லை, செலவில்லை,
சொத்தென்றும் சொல்ல முடியாது.
எந்தப் பத்தியில் எழுத?
வெகுநேரம் பேனாவைத் தூக்கிப் பிடித்திருந்துவிட்டு
'குறிப்பு' என்று போட்டு
அவன் பேரைக் கடைசிப் பக்கத்துக்குக் கொண்டுபோனேன்.

கடைசிக் காலத்தில் மன்னனுக்குக் கண் மங்கிற்றாம்.
எனக்கு நாற்பத்தெட்டு.
கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு
விட்ட இடத்தில்,

தெ. அ.

கீழே மூட்டைகளை எண்ணுகிறார்கள்.
எங்கோ தப்பிவிட்டது போல.
மறுபடி ஒன்று, இரண்டு.