ஊடை அறுந்தால்

பன்னிரண்டு தறி ஓடுகிற கொட்டகையில்
எது பிசகுகிறதென்று
வாசலில் வண்டியை நிறுத்தும்போதே சொல்லிவிடுவேன்.
அந்தக் காதுதான் முதலில் கேட்டது:
கணியூர்ச் சாலையில் ரேக்ளா திரும்புகையில்
சாம்பியின் ஓட்டத்தில்
ஒரு டக் தடித்து
ஒரு டக் மெலிந்து.

சென்னியப்பன் ஒப்பவில்லை.
"ரோடு மோசமுங்க. குருதைக்கு ஒண்ணுமில்லீங்க."
பாதிக் குதிரை அவனுடையது.
எந்தப் பாதி என்று பிரித்துக்கொண்டதில்லை.

முந்தின ஞாயிறு தாராபுரத்தில் இரண்டாம் பரிசு.
எல்லைக்கொடியில் திரும்பும்போது
இடது முன்னங்கால் பள்ளத்தில் இறங்கி ஏறியது.
கோப்பையோடு எடுத்த படத்தில்
அந்தக் காலை மட்டும் ஒரு சாண் முன்னே நீட்டி நிற்கிறாள்.
ஒய்யாரம் என்று நினைத்து
சட்டம் போட்டு மாட்டியிருந்தோம்.

டாக்டர் பூங்கோதை சிமெண்டுக் களத்தில் ஓட்டச் சொன்னார்.
"காலைப் பாக்காதீங்கண்ணா, தலையைப் பாருங்க."
நோகிற கால் ஊன்றும்போது தலை மேலே.
நல்ல கால் ஊன்றும்போது கீழே.
ஆமாம் ஆமாம் என்றது குதிரை.
இத்தனை நாளும் ஆமாம் என்றுதான் சொல்லியிருக்கிறது.

கணுவை மடக்கி ஒரு நிமிடம் பிடித்தார்.
விட்டதும் நாலு எட்டு, நொண்டல் இரட்டிப்பு.
மயிரை மழித்து, மருந்து தடவித் துடைத்து,
மெல்லிய ஊசியால் மூட்டின் நீரை எடுத்து
ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே வைத்து
மெதுவாகப் பிரித்தார்.
"நல்ல மூட்டுன்னா இது நூலாட்டம் நீளணும்."

நீளவில்லை.
பிரித்த உடனே அறுந்தது.
முப்பது வருடம் நூலைப் பார்த்தவனுக்கு
அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

ஆடிப்பதினெட்டுக்குப் பந்தயம். முதல் பரிசு புல்லட்.
சென்னியப்பன் என்னைப் புளியமரத்தடிக்குக் கூட்டிப்போனான்.
"ஒரு ஊசி இருக்குதாமா. போட்டா அன்னிக்கு வலியே தெரியாது.
ஒரு நாள்தானுங்களே."

அவனிடம் நான் சொல்லாதது:
தறியில் ஒரு சின்ன முள் உண்டு.
ஊடை அறுந்தால் அதற்குத் தெரியும், தறி நின்றுவிடும்.
கலியாணச் செலவு நெருக்கிய ஒரு மாசியில்
நின்று நின்று போகிறதே என்ற எரிச்சலில்
அந்த முள்ளைக் கம்பியால் கட்டிவைத்தேன்.
இரவெல்லாம் நிற்காமல் ஓடியது.
காலையில் நாற்பது மீட்டர்,
எல்லாம் சல்லடை.
வியாபாரி துணியை விரித்துக் காட்டி
எதுவும் பேசாமல் மடித்துக் கொடுத்தார்.

அவனிடம் சொன்னது:
"வேண்டாஞ் சென்னியப்பா."

அவன் பங்குக்குத் தவணை போட்டுப் பணம் தருகிறேன்.
இரண்டு மாதமாய் அவன் இந்தப் பக்கம் வருவதில்லை.

ஐஸ் கருமத்தம்பட்டியிலிருந்து, மீன் பெட்டியில்.
காடாத்துணியில் பை தைத்து, நுணுக்கி நிரப்பி,
இருபது நிமிடம் கணுவில் கட்டுகிறேன்.
முதல் நாள் உதைத்தாள். பத்தாம் நாள்
பையைப் பார்த்ததும் காலை நீட்டினாள்.
காதர்மைதீன் குளம்பின் முனையைச் சீவிக் குறைத்து
லாடத்தை மாற்றி அடித்தார்; கூலி வாங்க மறந்துபோனார்,
மறுநாள் ஞாபகமாய் வந்து வாங்கிக்கொண்டார்.
கைநடை பத்து நிமிடம். பிறகு பதினைந்து.
கொள்ளைக் குறைக்கச் சொன்னதில்தான் அவளுக்குக் கோபம்,
வாளியைக் கடித்து நசுக்கியிருக்கிறாள்.

இன்று எண்பதாவது நாள்.
களத்தில் ஓட்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறார் டாக்டர்.
பையன் கயிற்றைப் பிடித்து நிற்கிறான்.
நான் கொட்டகைக்குள் போய்
மெயின் சுவிட்சை இறக்கினேன்.

பகலில் பன்னிரண்டும் ஒன்றாய் நின்றதில்
பக்கத்து வீட்டார் எட்டிப்பார்த்தார்கள்.

டக் டக்.
டக் டக்.
தலை ஆடவில்லை.
ஒன்று மட்டும் ஒரு இழை பிந்துகிறதோ?
அவள் காலிலா,
நின்ற பிறகும் தறி ஓடிக்கொண்டே இருக்கும்
என் காதிலா?

"எப்படீங்?" என்கிறான் பையன்.

இன்னும் பத்து நாள் நடக்கட்டும் என்று சொல்லிவிட்டு
சுவிட்சைப் போடாமல்
கொஞ்ச நேரம் நின்றேன்.