ஆகுபெயர்

வெளியே பியூட் நகரம் உறைந்து கிடக்கிறது.
கையுறையோடு பக்கம் புரட்டினால் ஐரீன் அதட்டுவாள்:
"பிரீடா, அது என்ன உருளைக்கிழங்கு மூட்டையா?"
கழற்றினேன்.

முப்பத்தோரு வருஷம்
சுரங்க ஆபீஸில் சம்பளப் பட்டியல் எழுதியவள் நான்.
கட்டங்கள் எப்படிப் பொய் சொல்லும் என்று
கட்டம் போட்டவனைவிட எனக்குத் தெரியும்.

கொள்ளுத்தாத்தா கார்னீலியஸ் லோனி.
அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், ஆலிஹீஸில்,
தாமிரம் வற்றியதும் கிளம்பி
தாமிரம் தீராத இந்த மலைக்கு வந்தவர்.
இந்த ஒரு வாக்கியம்தான் குடும்பச் சொத்து.
தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் அண்ணனுக்கும்
பெயரோடு சேர்த்து எழுதிவைத்தார்கள்.
எல்லோரும் கார்னீலியஸ். கூப்பிடுவது கான்.
சமையலறையிலிருந்து ஒரு சத்தம் போட்டால்
மூன்று தலை திரும்பும்.

1884, கப்பல் பட்டியல்: வயது இருபத்திரண்டு.
1900, குடிக்கணக்கு: வயது முப்பத்தைந்து.
பதினாறு வருஷத்தில் பதின்மூன்று வயதே ஏறியிருக்கிறது.
சிரித்தேன். "மீதி மூன்றைக் கடல் குடித்தது"
என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.
எழுதப் படிக்க: தெரியாது.
மனைவி ஆபினா: பெற்றது எட்டு, இருப்பது மூன்று.
எட்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு கோடு.
கணக்கெடுப்பவன் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.

கார்க்குக்கு எழுதி ஞானஸ்நானச் சான்று கேட்டேன்.
மரணச் சான்று அனுப்பினார்கள்.

ஏப்ரல் ஒன்பது, 1884.
கார்னீலியஸ் லோனி, இருபத்திரண்டு, மணமாகாதவன், சுரங்கக் கூலி.
காய்ச்சல், பதினோரு நாள். வைத்தியர் வரவில்லை.
உடனிருந்து தகவல் தந்தது:
தம்பி மலாக்கி லோனி, வயது பத்தொன்பது.
கையெழுத்துக்குப் பதில் ஒரு கீறல். ×

வேறு யாரோ கான் என்றுதான் நினைத்தேன்.
அந்தக் கரையில் கான்களுக்கா பஞ்சம்.
ஆனால் அப்பன் பெயர் அதே. வீடு அதே.
கப்பலோ மே மூன்று, குயின்ஸ்டவுன் துறை.
செத்து இருபத்துநான்காம் நாள்
என் கொள்ளுத்தாத்தா கப்பல் ஏறியிருக்கிறார்,
பெட்டி ஒன்றோடு.

அக்கா நானோ இங்கே ஊரார் துணி துவைத்து
காசு கட்டி அனுப்பிய சீட்டு.
சீட்டில் அச்சான பெயர் ஜன்னி கண்டு போய்விட்டது.
சீட்டு போகவில்லை.

மலாக்கியைத் தேடினேன்.
குத்தகை ஏட்டில் இல்லை, கல்யாண ஏட்டில் இல்லை,
இறந்தவர் ஏட்டிலும் இல்லை.
பத்தொன்பது வயதில் ஒருவன்
காகிதங்களை விட்டே இறங்கிப் போயிருக்கிறான்.

இங்கே குடியுரிமைப் பத்திரத்தில், எழுத்தர் எழுதிய
கார்னீலியஸ் லோனிக்குக் கீழே இன்னொரு கீறல்.
இரண்டையும் விளக்கடியில் பக்கத்தில் வைத்தேன்.
இடது கோடு நீளம். வலது கோடு
முடியும் இடத்தில் சற்றே மேலே வளையும்,
கிளம்ப அவசரப்படுகிறவன் மாதிரி.
கடலுக்கு இந்தப் பக்கமும் அதே வளைவு.

ரயிலடியில் நானோ எந்தப் பெயரைச் சொல்லி அழைத்தாள்?
ஆயிரம் அடி ஆழத்தில், கூரை சரியும் நேரத்தில்
"கான்!" என்று யாரோ கத்தியபோது
தனக்குத்தான் என்று உறைக்க எத்தனை நொடி ஆனது?
முதல் மகனுக்கு அந்தப் பெயரை வைத்தது
திருப்பிக் கொடுக்கவா,
திருட்டைக் கெட்டியாக்கவா?
எனக்குத் தெரியாது. ஆபினாவுக்குத் தெரிந்திருக்கும்.
அல்லது தெரிந்திருக்காது.

1911. நுரையீரலில் கல்தூள்.
அந்த நோய்க்கு இந்த ஊர் வைத்த செல்லப்பெயரும் கான்தான்.
ஒரு முறை காய்ச்சலில், ஒரு முறை கானில்,
இரண்டு தடவை செத்தது பெயர்.
அவன் ஒரு தடவைகூட முறையாகச் சாகவில்லை.

ஸ்போகேனிலிருந்து அண்ணன் மகன் போன் செய்கிறான்.
பிறக்கப்போவது பையனாம்.
"பெயர்தான் ஏற்கெனவே இருக்கிறதே, அத்தை" என்கிறான்.

பிரதி எடுக்க ஐரீன் படிவம் நீட்டுகிறாள்.
ஆவணத்தில் உள்ளவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு?
முப்பத்தோரு வருஷத்தில்
நான் காலியாக விடும் முதல் கட்டம்.

ஐரீன் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.
"இரண்டு பிரதி, ஐம்பது சென்ட்" என்றாள்.