மிக நல்ல நிலை

மூன்று யூரோ நாற்பது.
தபால் செலவு ஆறு.

விற்றவர் எழுதியிருந்தார்:
'மிக நல்ல நிலை. ஒரே ஒரு முறை கேட்டது.'
கேட்டது யாரென்று சொல்லவில்லை;
பூனையாக இருக்கலாம்.

ரோட்டர்டாமில் பன்னிரண்டு நாள் மழை.
யோரிஸ் தினமும் தபால் பெட்டிக்குள்
கைவிட்டுத் துழாவினான்.
வந்தது.
குலுக்கினால் கிலுகிலுப்பை:
நடுவில் வட்டைப் பிடிக்கும் பற்கள்
நான்கு உதிர்ந்திருந்தன.
அட்டையில் ஏதோ நூலகத்தின் முத்திரை,
அதன்மேல் 'நீக்கப்பட்டது' என்று இன்னொன்று.

விளக்கில் சாய்த்துப் பார்த்தான்.
உறைந்த கால்வாய்மேல்
ஒரு பள்ளிக்கூடமே சறுக்கிப் போனது போல் கீறல்.

ஆனாலும் போட்டான்.
ஆறு வரை ஒழுங்கு.
ஏழாவதில் செல்லோ
படியிறங்கும்போது தடுக்கி
அதே படியில்
அதே படியில்
அதே

பற்பசை தேய்த்தான்.
இப்போது எட்டாவதும் தடுக்கியது.

புகாருக்குப் பதில் வந்தது:
'எங்கள் கருவியில் நன்றாகவே பாடியது. அன்புடன்.'

ஞாயிற்றுக்கிழமை
கீறல் தெரியாத வெளிச்சம் பார்த்து
அவனே படம் எடுத்தான்.
'நிலை' என்ற கட்டத்தில்
விரல் கொஞ்சம் நின்றது,
ஏழாவதைப் போல.

பிறகு தட்டினான்: மிக நல்ல நிலை.
'சில முறை கேட்டது'
என்றும் சேர்த்தான்,
நேர்மைக்காக.