பத்தொன்பதாம் நாள் கொய்யா

பறித்த பிறகும் பழம் மூச்சு விடுமாம்.
செர்டாங்கிலிருந்து வந்த ஹிடாயா சொன்னாள்,
சப்பாத்து நனையாதிருக்க
கவிழ்த்த பெட்டிமேல் ஏறி நின்றபடி.
அந்த மூச்சை மெதுவாக்கத்தான் இந்தத் தண்ணீர்.
ஒரு மயிரைப் பல்லாயிரமாய் வகிர்ந்தால்
ஒரு வகிர் எவ்வளவோ
அவ்வளவு மெல்லிய சட்டை,
இறால் ஓட்டிலிருந்து எடுத்தது.

"இறாலா?" என்றாள் மங்களேஸ்வரி,
வெள்ளிக்கிழமை முட்டைகூடத் தொடாதவள்.
கூடையோடு அவள் கை அந்தரத்தில் நின்றது.
டவுக்கே லியோங் சிரித்தார்:
"சாமிக்குப் போகலைம்மா, சிங்கப்பூருக்குப் போகுது."

பீடோர் கொட்டகையில்
நாளைக்கு எண்ணூறு கிலோ முக்குகிறேன்.
கையுறைக்குள் விரல்கள் ஊறி
பிள்ளை பெற்ற வயிறுபோல் சுருங்குகின்றன.
விரலுக்கு இன்னும் சட்டை கண்டுபிடிக்கவில்லை.

முன்பு சனிக்கிழமைதோறும் ஒரு கூடை மிஞ்சும்.
கன்றியது, கிளி கொத்தியது,
லோரி ஏறப் பிந்தியது.
பங்கு போட்டுப் பையில் கொண்டுபோவோம்.
என் மகன் ருத்ரேஷ்
அசாம்போய் தூளைத் தொட்டுத் தொட்டுத் தின்பான்.
இப்போது கூடையில் கிளி கொத்தியது மட்டும்.
அழுகாத பழத்தை
யார் சும்மா கொடுப்பார்கள்?

இரண்டை வெள்ளி கொடுத்து வாங்கினேன்.
முக்கியது ஒன்று, முக்காதது ஒன்று.
தாமான் வீட்டுச் சன்னலில் வைத்தேன்.
முக்காதது
நான்காம் நாளே வீடெங்கும் வாசத்தால் தமுக்கடித்தது,
ஆறாம் நாள் கறுத்து எறும்புக்குப் போனது.
மற்றது
பத்தொன்பதாம் நாளும்
பறித்த அன்றைய முகத்தோடு இருக்கிறது.
வாசமில்லை.
எறும்பு ஒன்று ஏறியது,
காம்புவரை போய் நின்றது,
யோசித்து
இறங்கிவிட்டது.

நேற்று மாரியம்மன் கோயில் தட்டில்
வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் அதே பளபளப்பு.
எங்கள் கொட்டகை ஒட்டுத்தாளைக்கூட
யாரும் உரிக்கவில்லை.
மங்களேஸ்வரி என்னைப் பார்த்தாள்.
நான் கண்ணை மூடிக்கொண்டேன்,
கும்பிடுகிறவள்போல.

இன்றிரவு ருத்ரேஷ் கத்தியோடு வருகிறான்.
"அம்மா, இது எப்பதான் பழுக்கும்?"
ஹிடாயா சொன்ன கணக்கு இருபத்தொன்று.
கத்தியை வாங்கி
அலமாரிமேல் வைத்தேன்.
"நான் முக்கினதுடா.
இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்."